‘வணிக நோக்கற்ற’ திட்டம் வேறு, வணிகத்தைத் தடுக்கும் உரிமம் வேறு

வணக்கம். திறமூலத் திட்டங்களுக்கு (நிரலை எவரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள் திட்டங்களுக்கு)த் தன் கருவிகளை இலவசமாகத் தரும் நிறுவனமொன்று உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டதென்றும், ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்று உரிமத்திலேயே எழுதியிருந்தும் ஏன் இப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே அந்த வரிதான். இத்தகைய ஆதரவுத் திட்டங்களில் ‘வணிக நோக்கற்றது’ என்பது, உங்கள் திட்டம் இலாபத்துக்காக நடத்தப்படவில்லை என்பதைக் குறிக்கிறதே தவிர, பிறர் அதைத் தொழிலில் பயன்படுத்துவதைத் தடுப்பதை அன்று. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பு திறமூலத்துக்கு வகுத்த வரையறையின் 6ஆம் கூறு, எந்தப் பயன்பாட்டுத் துறையையும் விலக்கக்கூடாது என்கிறது. ஆகவே நீங்கள் இட்டிருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்சி (வணிகப் பயன்பாட்டுக்கு இடமளிக்காத) உரிமம் திறமூல உரிமமாகவே கொள்ளப்படாது. (மென்பொருளுக்குத் தன் உரிமங்கள் வேண்டாமென்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே அறிவுறுத்துகிறது.)

எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் ஆகிய திறமூல உரிமங்களுள் ஒன்றுக்கு மாறுங்கள். ஆனால் அவரவர் எழுதிய நிரலின் பதிப்புரிமை பொதுவாக அவரவருடையதே என்பதால், இதுவரை நிரல் பங்களித்த ஒவ்வொருவரின் இசைவையும் முதலில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எங்கள் திட்டத்தில் ஒருவரிடமிருந்து பதிலே வராததால், அவர் எழுதிய 40 வரிகளை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத நேர்ந்தது. நிரலாளர் கருவிகளை உருவாக்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்திடம் இத்தகைய ஆதரவுக்கு விண்ணப்பிப்பதானால், குறைந்தது 3 மாதத் தொடர்பணி கமிட் வரலாற்றில் (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவில்) தெரிய வேண்டும். கருவிகளுக்காகக் கிடைக்கும் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.