கீசர், ஹீட்டர், ஷாக்: குளிர்காலக் கேள்விகள்

குளிர் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி தண்ணீரைச் சூடாக்குவது பற்றியதாகவே இருக்கும். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கீசர் ஓடும்போது குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. நிறுத்திவிட்டால் ஒன்றும் இல்லை. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்தக் கீசரைப் போடாதீர்கள். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்டின் உலோக உறை, உப்பு படிந்து அரித்து விரிசல் விட்டால் மின்சாரம் தண்ணீருக்குள் கசியும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு எர்த் வயர் வழியாக மண்ணுக்குள் போயிருக்கும். உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், கீசரோடு எர்த்தையும் சந்தேகப்பட வேண்டும். எலிமென்டை மட்டும் மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், எர்த்தைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.

'லேசாக' என்பதில் ஆறுதல் வேண்டாம். நனைந்த தோலின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும். காய்ந்த விரலில் சுர்ரென்பது, ஈர உடம்போடு ஈரத் தரையில் நிற்பவரைக் கீழே தள்ளிவிடலாம்.

வீட்டில் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கிறது. ஷாக் அடித்தால் அது டிரிப் ஆகிவிடாதா?

ஆகும் என்று நம்பி இருக்காதீர்கள். எம்.சி.பி.யின் வேலை வயரைக் காப்பாற்றுவது. ஆளைக் காப்பாற்றுவது அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. கிட்டத்தட்ட அந்த அளவுவரை பேசாமல் இருக்கும். மனிதருக்கோ 30 மில்லி ஆம்பியர், அதாவது அதில் ஐந்நூறில் ஒரு பங்கே ஆபத்து.

ஆளைக் காப்பாற்ற வேண்டியது ஆர்.சி.சி.பி. என்ற, கசிவைக் கண்டதும் அணையும் ஸ்விட்ச். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை வாங்குங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்துங்கள். ஸ்விட்ச் அணைந்து விழவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். மழையிலும் குளிரிலும் அடிக்கடி டிரிப் ஆகித் தொல்லை தருகிறது என்று அதைத் தாண்டி வயரை இணைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது தொல்லை தரவில்லை ஐயா, கசிவு இருப்பதைச் சொல்கிறது!

ஒன்று மட்டும்: ஒரு கை லைனிலும் (மின்சாரம் வரும் கம்பி) மறு கை நியூட்ரலிலும் (திரும்பும் கம்பி) பட்டால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. அதற்குக் கணக்கு சரியாகவே இருக்கும்.

ரூம் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?

வேண்டாம். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். மின்சாரம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். சார்ஜரையும் டேபிள் விளக்கையும் வருஷக்கணக்கில் தாங்கிய பாக்ஸ் ஒரே இரவில் உருகுவதற்கு இதுதான் காரணம். வயரைச் சுருட்டி வைத்தாலோ கம்பளத்துக்கு அடியில் விட்டாலோ சூடு வெளியேற வழி இல்லாமல் இன்னும் மோசமாகும்.

சுவரிலுள்ள பவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். அரைமணி நேரம் கழித்து பிளக்கின் பிளாஸ்டிக் மேல்புறத்தைக் காய்ந்த கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, பழுப்பு நிறமோ, கருகல் வாடையோ இருந்தால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. ஹீட்டரை நிறுத்தி சாக்கெட்டை மாற்றுங்கள்.

வாளியில் ராடு போட்டுத் தண்ணீர் சூடாக்குகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

விரலை விட்டுச் சூடு பார்க்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை. உலோக வாளி கூடாது. ராடு தண்ணீருக்குள் போன பிறகே ஸ்விட்ச். குழந்தைகள் நடமாடும் வீட்டில் ராடே வேண்டாம் என்பேன்.

குளிர் வந்தால் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே பட்டென்று அடிக்கிறது. வயரிங் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. காற்று வறண்டிருக்கும்போது கம்பளித் துணி உரசி உடம்பில் சேரும் நிலைமின்சாரம் அது. வோல்ட் கணக்கில் ஆயிரங்கள் இருக்கும், ஆனால் மின்னூட்டம் மிகக் கொஞ்சம். ஒருமுறை பட்டென்று அடித்ததும் தீர்ந்துவிடும். மாறாக, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், குழாய் என்று எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் சுர்ரென்றால் அது கசிவு. முதல் கேள்வியின் பதிலுக்குப் போங்கள்.

எலக்ட்ரிக் போர்வையை மடித்து வைக்கலாமா?

மடிப்பு விழும் இடத்தில் உள்ளே இருக்கும் கம்பி நாளடைவில் முறியும். தளர்வாகச் சுருட்டி வையுங்கள், மேலே எதையும் அடுக்காதீர்கள். மடித்த நிலையில் ஒருபோதும் ஓட விடாதீர்கள். கருகிய புள்ளி ஒன்று தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஹீட்டர் மேல் ஈரத்துணி காயப் போடலாமா?

கூடாது. துணி, திரைச்சீலை, மெத்தை எல்லாமே ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.