கொழுக்குமலை விடியல்: படமெடுக்கப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

பொங்கல் விடுமுறைக்கு, தமிழ்நாடு-கேரள எல்லையில் மூணாறுக்கு அருகே உள்ள கொழுக்குமலைக்கு விடியலைப் படமெடுக்கப் போகிறவர்கள் கேட்டவை. அந்தக் குளிரில் ஏழெட்டு விடியல் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கே: அண்ணா, எத்தனை மணிக்கு மேலே இருக்கணும்?

ப: ஜனவரி நடுவில் சூரியன் 6.40-ஐ ஒட்டி எழும். நீங்கள் 6 மணிக்கே முக்காலியை ஊன்றியிருக்க வேண்டும். நல்ல நிறமெல்லாம் சூரியன் தலைகாட்டும் முன் வரும் இருபது நிமிடத்தில்தான். அடிவாரத்து ஊரான சூரியநெல்லியிலிருந்து ஜீப் நாலரைக்குள் கிளம்பட்டும். பாதை முழுக்கக் கல்லும் குழியும், கேமராப் பை மடியிலேயே இருக்கட்டும்.

கே: சார், வானம் சரியாக வந்தால் மலை கறுத்துவிடுகிறது. மலையைச் சரி செய்தால் வானம் வெளுத்துவிடுகிறது.

ப: வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப கேமராவை அமையுங்கள். வெளுத்த இடத்தில் பிறகு எதையும் மீட்க முடியாது. கறுத்த இடத்திலிருந்து ஓரளவு மீட்கலாம், ரா ஃபைலாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் வேகம் வெளிச்சத்துக்கேற்ப. வெளிச்சத்தைக் கூட்டி, குறைத்து மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கலாம்தான். ஆனால் மேகம் நகர்ந்துகொண்டே இருப்பதால் விளிம்புகள் இரட்டிக்கும். என்னைக் கேட்டால் மலை கறுப்பாகவே இருக்கட்டும். போடி பக்கம் பள்ளத்தில் பால் பொங்கினாற்போல் மேகம் தேங்கி, அதற்கு மேல் மலைமுகடுகள் வரி வரியாக நிற்கும்போது அந்தக் கறுப்புதான் அழகு.

கே: வைடு லென்ஸில் சூரியன் பொட்டு மாதிரி வருகிறதே?

ப: வரத்தான் செய்யும். கேமராவின் சென்சாரில் விழும் சூரிய பிம்பத்தின் அகலம், குவியத்தூரத்தில் (லென்ஸில் மிமீ என்று போட்டிருக்கும் எண்) ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. 24 மிமீ லென்ஸில் கால் மில்லிமீட்டர்கூட இல்லை, 200-இல் 2 மில்லிமீட்டரை நெருங்கும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆப்டிகல் வியூஃபைண்டரில் (கண்ணை வைத்து லென்ஸ் வழியே நேராகப் பார்க்கும் துளை) சூரியனைப் பார்க்க வேண்டாம், கண் போய்விடும். திரையில் பாருங்கள்.

கே: லென்ஸில் ஈரம் படிகிறது.

ப: ஒருமுறை மஃப்ளர் நுனியால் துடைத்தேன், அன்றைய படம் அத்தனையும் எண்ணெய் பூசினாற்போல் வந்தது. மைக்ரோஃபைபர் துணி கொண்டுபோங்கள். மாற்று பேட்டரி சட்டைப்பைக்குள், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். அப்புறம், சூடான அறைக்குள் போனதும் பையைத் திறக்காதீர்கள். ஐஸ் போட்ட சர்பத் கிளாஸ் போல கேமரா வேர்த்துவிடும்.

கே: போன் மட்டும்தான் இருக்கு.

ப: போதும். வானத்தைத் தொட்டு, பிரகாசத்தைக் கீழே இழுங்கள். ஜூம் வேண்டாம்.

கே: சூரியன் வந்தபிறகு?

ப: திரும்பி நில்லுங்கள். எல்லாரும் கிழக்கே செல்ஃபி எடுக்கும்போது, முதுகுப் பக்கம் மீசப்புலிமலைச் சரிவு செம்மஞ்சளாகும்.

கே: மூடுபனி விலகவே இல்லையென்றால்?

ப: டீ குடியுங்கள். ஜீப்காரரிடம் ஏழரை வரை இருக்கச் சொல்லி முன்பே பேசிக்கொள்ளுங்கள். எனக்கு ஒருமுறை 7.10-க்குத்தான் விலகியது, பாதிப்பேர் இறங்கிப் போயிருந்தார்கள்.