கோழி வீட்டுக் கடனை அடைக்குமா?

கேள்வி: அக்கா, ஒத்தக்கடைப் பக்கம் ஐந்து சென்ட்டில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருஷமாகிறது. 20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷத் தவணை, மாசம் 17,356 ரூபாய். பின்பக்கம் இடம் சும்மா கிடக்கிறது, ஆறு நாட்டுக்கோழி வளர்த்தால் தவணைக்குக் கை கொடுக்கும் என்கிறார் நாத்தனார். 9,000 ரூபாய்க்கு ஒரு கம்பிக் கூண்டும் பார்த்து வைத்திருக்கிறேன். இறங்கலாமா? (ஒரு வாசகி, ஒத்தக்கடை)

பதில்: இறங்குங்கள், ஆனால் அந்தக் கூண்டை வாங்காதீர்கள் தங்கச்சி. ஆறு கோழிக்கு 9,000 ரூபாய்க் கூண்டு என்றால், கூண்டுக்காசை எடுக்கவே கோழி ஒன்றரை வருஷம் உழைக்க வேண்டும். வீடு கட்டிய மிச்சச் செங்கல், பழைய தகரம், ஒரு கதவு, இவை போதும். இரவில் கீரி, மரநாய் நுழையாதபடி சந்துபொந்தை அடைத்தால் சரி. குஞ்சுகளைக் கவிழ்த்து மூட ஒரு பஞ்சாரக் கூடை வாங்கிக்கொள்ளுங்கள், பருந்து பயமில்லை.

கணக்குக்கு வருவோம். சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முட்டை இட்டால் நல்ல கோழி, அதுவும் 12, 15 இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆறுக்கும் சேர்த்து 360. வீட்டுக்கு 90, அடை வைக்க 30 போனால் விற்க மாசம் 20 முட்டை, எங்கள் தெரு விலையில் 15 ரூபாய் வீதம் 300. வீட்டில் சாப்பிடுகிற முட்டையையும் 15 என்று வரவு எழுதாதீர்கள், இதுவரை கடையில் ஆறு, ஏழு ரூபாய்க்கு வெள்ளை முட்டைதானே வாங்கினீர்கள், மிச்சம் அவ்வளவுதான். வருஷத்துக்கு இரண்டு அடை வைத்து, 21 நாளில் பொரிக்கிற குஞ்சுகளில் ஒரு டஜன் தேறி, ஆறேழு மாசத்தில் தலைக்கு 500 ரூபாய்க்குப் போனால் மாசத்துக்கு 500 ஆகிறது. கம்பு, குருணை, தவிட்டுக்கு 300 கழியுங்கள். ஆக, கையில் நிற்பது மாசம் 500 ரூபாய். பத்தாயிரம் வருகிறது என்று யாராவது சொன்னால் அவரிடம் தீவனச் சீட்டைக் கேளுங்கள்.

500-தானா என்று நினைக்க வேண்டாம். நீங்கள் இரண்டு வருஷத்தில் கட்டியது 4,16,000 ரூபாய்க்கு மேல், அதில் அசல் குறைந்தது ஏறக்குறைய 83,000, மீதி எல்லாம் வட்டி. இன்றிலிருந்து மாசாமாசம் அந்தக் கோழிக்காசு 500-ஐ அசலில் போட்டுவந்தால், வட்டி இப்படியே இருக்கும்பட்சத்தில், கடன் 13 மாசம் முன்னாடியே முடியும், 1,30,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். ஆனால் காசு உண்மையிலேயே வங்கிக்குப் போக வேண்டும், மளிகைக் கடைப் பக்கம் திரும்பிவிட்டால் கோழி வளர்த்த மாதிரியே தெரியாது. எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது, அதில் கை வைத்தவர் வீட்டுக்காரரே ஆனாலும் திருப்பிப் போட்டாக வேண்டும்.

சேவலை எப்போது விற்பது என்பதிலும் காசு இருக்கிறது. ஆடியில் சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் தேடி வருவார்கள், தீபாவளிக்கும் விலை நிற்கும். புரட்டாசியில் பாதித் தெரு கறி சாப்பிடாது, கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள், அப்போது விற்கப் போனால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

இன்னொன்று, நான் பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தைக்குப் போனவள் ஆசைப்பட்டு இரண்டு பெட்டைகளை வாங்கி வந்து அப்படியே மற்றதோடு விட்டேன். ஐந்தே நாளில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒன்பது கோழி போயிற்று. புதுக்கோழியை இரண்டு வாரமாவது தனியாகக் கட்டிப்போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்த நோய் வராமல் தடுக்க, குஞ்சுக்கு 7-வது நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8-வது வாரம் இறக்கையில் ஊசி, இந்த இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, விவரமாகத் தெரிந்துகொள்ள அங்கே போகலாம்.

கேள்வி: கூடுதலாகக் கட்டினால் வங்கியில் அபராதம் போடுவார்களா? தவணையைக் குறைப்பதா, வருஷத்தைக் குறைப்பதா? (ஒரு வாசகர், திருநகர்)

பதில்: மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். தவணை அப்படியே இருக்கட்டும், வருஷத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், லாபம் அதில்தான். கட்டும்போது 'அசலில் வரவு வைக்கவும்' என்று எழுதிக் கொடுத்து, அடுத்த மாசம் கணக்குச் சீட்டில் அசல் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஒரு தடவை அது அடுத்த தவணைக்கான முன்பணமாகப் போய் உட்கார்ந்திருந்தது, மூன்று நடை நடந்து மாற்றினோம்.

கேள்வி: சேவல் விடியற்காலை நாலு மணிக்கே கூவுகிறது என்று பக்கத்து வீட்டில் சண்டை. சேவல் இல்லாமல் முட்டை இடுமா? (ஒரு வாசகி, நாகமலை புதுக்கோட்டை)

பதில்: தாராளமாக இடும். ஆனால் அந்த முட்டை பொரியாது, சாப்பிட மட்டும்தான். குஞ்சு வேண்டுமென்றால் சேவல் வைத்திருக்கும் யாரிடமாவது கருமுட்டை வாங்கி உங்கள் கோழிக்கு அடை வையுங்கள். சேவலையே வைத்திருக்கத்தான் ஆசை என்றால், இரவில் வெளிச்சம் புகாத மூலையில் அடையுங்கள், கொஞ்சம் தாமதமாகக் கூவும். கூடவே, மாசம் ஒருமுறை நாலு முட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் இப்போது சேவல் கூவாவிட்டால்தான் வந்து விசாரிக்கிறார்.