கம்போடியாவில் எட்டு நாள் பிள்ளைகள் ஊழியம்: எதைச் செய்வது, எதை விடுவது?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையைச் சேர்ந்தவர்கள். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் எங்கள் வாலிபர் குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் கம்போடியாவில் சியாம் ரீப் பக்கம் எட்டு நாள் மிஷன் பயணம் போகிறோம். மூன்று நாள் ஒரு கிராமச் சபையில் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), இரண்டு நாள் ஓர் அனாதை இல்லத்தில் பிள்ளைகளோடு இருப்பது என்று திட்டம். நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் ஊழியப் பொறுப்பு என்னுடையது. என்ன சொல்லிக்கொடுப்பது, என்ன பரிசு கொண்டுபோவது, எதில் கவனமாக இருப்பது? என் பன்னிரண்டு வயது மகளையும் கூட்டிப் போகலாமா?

பதில்: சகோதரி, முதல் வேலையாக அந்த அனாதை இல்லத்து இரண்டு நாளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றதற்கு அப்புறம் வருகிறேன்.

கம்போடியாவில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 2005க்குப் பிறகு கிடுகிடுவென்று உயர்ந்தது. போரும் கெமர் ரூஜ் என்ற கொடுங்கோலர்களின் ஆட்சியும் முடிந்து வெகுகாலம் ஆகி, அனாதைகள் குறைந்திருக்க வேண்டிய நேரம் அது. கூடியது என்னவோ சுற்றுலாப் பயணிகளும் நன்கொடையும்தான். 2011இல் கம்போடிய அரசும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவராவது உயிருடன் இருப்பது தெரியவந்தது. கடன் தொல்லை, தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெற்றோர், ‘இல்லத்தில் விட்டால் ஆங்கிலம் படிக்கும், மூன்று வேளை சாப்பிடும்’ என்ற நம்பிக்கை. இப்படித்தான் பிள்ளை வீட்டை விட்டு வருகிறது. வெளிநாட்டு விருந்தினர் வரவர, இல்லத்துக்குப் பிள்ளைகளும் தேவைப்படுகிறார்கள். அதே 2011இல் ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல’ என்ற பிரச்சாரத்தை ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் அங்கே தொடங்கியது. சியாம் ரீப் உட்பட ஐந்து பகுதிகளில் இல்லத்துப் பிள்ளைகளில் 30 விழுக்காட்டினரைக் குடும்பத்தோடு சேர்ப்பது என்று பிற்பாடு அரசே இலக்கு வைத்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையும், அனாதை இல்லங்களில் நடக்கும் தன்னார்வப் பயணங்கள் பிள்ளைக் கடத்தலுக்கு வழிவிடக்கூடும் என்று ஒரு தீர்மானத்தில் சேர்த்தது. அரசு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறது. நாம் வண்டி பிடித்துப் போய் இல்லத்தை நிரப்பி வைக்கக் காரணம் ஆகலாமா?

இன்னொன்றும் உண்டு. இல்லத்துக்குள் நுழைந்த பத்தாவது நிமிடமே நான்கு வயதுக் குழந்தை ஒன்று உங்கள் வாலிபர் ஒருவரின் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அவருக்கு உள்ளம் உருகிவிடும். ஊர் திரும்பி அதையே சாட்சியாகவும் சொல்வார். ஆனால் வீட்டில் வளரும் நான்கு வயதுக் குழந்தை அப்படிச் செய்யாது. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். முன்பின் தெரியாதவரிடம் தாவுவது, நிலையான ஒரு முகம் இல்லாமல் வளர்ந்ததின் அடையாளங்களில் ஒன்று. ருமேனிய இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளை வைத்து 2000இல் புக்கரெஸ்டில் தொடங்கிய நீண்ட ஆய்விலும் இதையே பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து நீங்கள் கையசைத்துவிட்டு வண்டி ஏறும்போது, அந்தக் குழந்தை இன்னொரு முறை கைவிடப்படுகிறது. அடுத்த மாதம் வேறொரு குழு வரும், திரும்பவும் அதே கதை.

‘இது எங்கள் போதகருக்குத் தெரிந்தவர் நடத்தும் இல்லம்’ என்பீர்கள். இருக்கலாம், நல்ல இல்லங்களும் உண்டு. அப்படியானால் கேட்டுப் பாருங்கள்: சமூக நல அமைச்சகத்தில் பதிவு உண்டா? பிள்ளைகளின் பெற்றோர் எங்கே இருக்கிறார்கள், எப்போது வந்து பார்க்கிறார்கள்? போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? முன்பின் தெரியாத விருந்தினர் பிள்ளைகளோடு பழக, தங்க விடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘தாராளமாக வாருங்கள்’ என்று பதில் வந்தால், அங்கே போகாமல் இருக்க அந்த ஒரு காரணம் போதும். நல்ல இல்லத்தில் உங்களை வராந்தாவில் உட்கார வைத்து, டீ கொடுத்து, நிர்வாகியோடு பேசவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

மிச்சமாகும் இரண்டு நாளை அந்தக் கிராமச் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அவர்கள் இருபது வயதைத் தாண்டாத பெண்கள். கையில் ஒரு பாடப் புத்தகம், ஒரு கிதார், நாற்பது பிள்ளைகள். படம் வரைந்து கதை சொல்வது, வயதுவாரியாகப் பிரித்து உட்காரவைப்பது, அடம்பிடிக்கும் பையனை அடிக்காமல் சமாளிப்பது என்று உங்களுக்குக் கைவந்தது எல்லாம் அவர்களுக்குப் புதையல். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப்போவது அவர்கள்தான். என்னைக் கேட்டால், பயணத்தின் முக்கியமான பகுதியே இந்த இரண்டு நாள்தான்; விபிஎஸ் அதற்குப் பிறகுதான்.

சரி, விபிஎஸ்ஸுக்கு வருவோம். மூன்று நாளும் முன்னால் நிற்பது உள்ளூர் ஆசிரியர்களாக இருக்கட்டும். உங்கள் குழு பின்னால் நின்று பொருள் எடுத்துக் கொடுக்கட்டும், விளையாட்டு நடத்தட்டும், பெருக்கட்டும். மேடை ஏறத்தான் பயணம் வந்தோம் என்று நினைக்கும் வாலிபர்களுக்கு முதலில் சப்பென்று இருக்கும். இதைச் சிங்கப்பூரிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்.

கதை சொல்வது உங்கள் பங்கு என்றால், மொழிபெயர்ப்பாளருக்கு முந்தின நாள் இரவே முழுக் கதையையும் கொடுங்கள். பத்து நிமிடக் கதை கம்போடியர் பேசும் கெமர் மொழியில் திரும்பச் சொல்லப்பட்டு இருபது நிமிடம் ஆகும். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தே சோர்ந்துவிடுவார்கள். ஒரு காட்சி முழுவதையும் நீங்கள் நடித்துக் காட்டுங்கள். அப்புறம் அவர் சொல்லட்டும். சிலேடை, ஆங்கிலச் சொல் விளையாட்டு எதுவும் வேண்டாம்.

அங்கே ஜூனில் மழைக்காலம். மதியத்துக்கு மேல் கொட்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக் வைத்தாலும் பேச்சு கேட்காது. பள்ளியும் நடக்கும். கிராமத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் காலை ஒரு குழு, மதியம் ஒரு குழு. ஆகவே ஒரே பாடத்தை இரண்டு வேளை நடத்த வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஐம்பது பேர் வருவார்கள் என்று சொல்லியிருந்தால் எண்பது பேர் வருவார்கள். அதில் பத்துப் பேராவது இடுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டு வரும் அக்காமார். இடுப்புக் குழந்தைக்கும் ஒரு பாய், ஒரு வண்ணக் காகிதம் இருந்தால் அந்த அக்காவும் நிம்மதியாகப் பாட்டுப் பாடுவாள். கத்தரிக்கோல் தேவைப்படும் கைவேலையை மறந்துவிடுங்கள். கிழிப்பது, மடிப்பது, ஒட்டுவது போதும்.

பழக்கவழக்கத்தில் நமக்கு அதிகம் கஷ்டமில்லை. கைகூப்பி ‘சும்ரியப் சுஓ’ என்பது நம் வணக்கத்தைப் போலத்தான். பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையாலும் கொடுங்கள், செருப்பை வாசலில் விடுங்கள், உட்காரும்போது யார் பக்கமும் கால் நீட்டாதீர்கள். ஆண் ஆசிரியரை ‘லோக் க்ரு’ என்றும் பெண் ஆசிரியரை ‘நேக் க்ரு’ என்றும் பிள்ளைகள் அழைப்பார்கள், உங்களையும் அப்படித்தான். ஒன்றில் மட்டும் நம் கை நம்மை ஏமாற்றும்: பிள்ளையைக் கண்டால் தலையைத் தடவுவது. கெமர் மக்களுக்குத் தலை புனிதம், அடுத்தவர் தொடுவது மரியாதைக் குறைவு. ஜெபிக்கும்போது தலையில் கைவைப்பதும் இதில் சேர்த்தி. கையை நீட்டிக் கண்ணை மூடி ஜெபியுங்கள், போதும்.

இனி சட்டம். கம்போடிய அரசியலமைப்பில் பௌத்தம் அரச மதம். கிறிஸ்தவர்களுக்கு ஆராதனைச் சுதந்திரம் இருக்கிறது. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிரச்சாரம் செய்வதற்கும், பணமோ பொருளோ கொடுத்து மதம் மாற்றுவதற்கும் தடை உண்டு; 2007இல் மத விவகார அமைச்சகம் இதை உத்தரவாகவே மறுபடி நினைவூட்டியது. அதனால் பென்சில் பெட்டி கொடுக்கும் அதே மணியில் ‘இயேசுவை ஏற்றுக்கொள்பவர்கள் கையை உயர்த்துங்கள்’ என்று கேட்பது, உங்களை வரவேற்ற சபைக்கே வம்பு. சட்டத்தை விடுங்கள், கையெண்ணிக்கையே நம்பும்படியானதில்லை. வெளிநாட்டு அண்ணன் கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை எதற்கும் கை உயர்த்தும். அதே பிள்ளை போன டிசம்பரில் கொரியக் குழுவுக்கும் உயர்த்தியிருக்கலாம். பெற்றோருக்கு என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே உள்ளூர்ப் போதகர் சொல்லி, சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். வந்து உட்கார்ந்து பார்க்க அம்மாக்களையும் அழையுங்கள்.

பரிசுப் பைகளைச் சிங்கப்பூரிலிருந்து மூட்டை கட்ட வேண்டாம். சியாம் ரீப்பில் ஃப்சார் லூ என்ற பெரிய உள்ளூர்ச் சந்தை இருக்கிறது. நோட்டு, பென்சில், பல்துலக்கி எல்லாம் கிடைக்கும், கடைக்காரருக்கும் வியாபாரம். அமெரிக்க டாலர் எங்கும் செல்லும். ஆனால் ஓரம் கிழிந்த டாலர் நோட்டை வாங்கமாட்டார்கள், புது நோட்டாக மாற்றிக்கொண்டு போங்கள். எதை வாங்கினாலும் சபையிடம் கொடுங்கள். யாருக்கு எப்போது என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். வேனிலிருந்து மிட்டாய் அள்ளி வீசுவது கூடவே கூடாது. பெரிய பையன்கள் சின்னதுகளைத் தள்ளிவிட்டுப் பொறுக்குவார்கள், அடுத்த வண்டியின் பின்னாலும் ஓடுவார்கள். புண்ணோடு, காய்ச்சலோடு பிள்ளைகள் வந்தால் உங்கள் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்காதீர்கள். சியாம் ரீப்பில் அங்கோர் குழந்தைகள் மருத்துவமனையும், காந்தா போபா அறக்கட்டளையின் ஏழாம் ஜெயவர்மன் மருத்துவமனையும் 1999 முதல் பிள்ளைகளுக்குச் சிகிச்சை தருகின்றன. காந்தா போபாவில் கட்டணமே கிடையாது. ஆட்டோச் செலவைக் கொடுத்துப் பெற்றோரோடு அனுப்பினால் போதும்.

பாதுகாப்பு விதிகளை எழுதி, பன்னிரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கவே கூடாது. கழிப்பறைக்கு உள்ளூர் அக்காதான் கூட்டிப் போக வேண்டும். மடியில் உட்காரவைப்பது, தோளில் தூக்குவது வேண்டாம். பிள்ளைகளோடு தனிப்பட்ட தொலைபேசி எண், ஃபேஸ்புக் பரிமாற்றம் வேண்டாம். போலீஸ் நற்சான்றிதழ் கேட்டால் ‘நம்ம சபைப் பையன்தானே’ என்று யாராவது முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தவறு செய்ய நினைப்பவன் தேடுவது கேள்வி கேட்காத இடத்தைத்தான். படம் எடுக்க ஒருவரை மட்டும் நியமியுங்கள். முகத்தோடு பெயர் போடாதீர்கள், பள்ளிச் சீருடை தெரிய வேண்டாம், ஊர்ப் பெயரைக் குறிக்க வேண்டாம். மூக்கு ஒழுகும் பிள்ளையை நெருக்கத்தில் எடுத்து, உருக்கமான வசனம் போட்டுப் பதிவிடும் முன், சிங்கப்பூரில் உங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளையை அப்படிப் போட அவன் அம்மா சம்மதிப்பாளா என்று யோசியுங்கள்.

உங்கள் மகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், அவள் குழுவின் ஊழியக்காரி இல்லை என்று அவளுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டு. கயிறாட்டம், சொட்டாங்கல் விளையாட அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. அவளைப் பார்த்துக்கொள்ள உங்களைத் தவிர இன்னொருவரையும் நியமித்துவிடுங்கள். எல்லோரும் குறைந்தது ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்: டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ (ஹெபடைடிஸ் ஏ), கிராமத்தில் தங்குவதால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். டெங்குவுக்குப் பகலிலும் கொசு மருந்து தடவ வேண்டும். தெருநாயை மகள் தொடவே கூடாது. கடித்தாலோ புண்ணில் நக்கினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும். எந்த மருத்துவமனையில் அது கிடைக்கும் என்று போய் இறங்கிய அன்றே சபையாரிடம் கேட்டு எழுதி வையுங்கள். 2025 ஜூலையில் தாய்லாந்து எல்லையில் சண்டை நடந்தது. சியாம் ரீப் எல்லையிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை, ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்பும் கிளம்பும் வாரத்திலும் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.