கத்தரிச் செடியில் இருக்கும் 28 புள்ளி வண்டுக்கு ஏன் இத்தனை அறிவியல் பெயர்கள்? விஜின்டியாக்டோபங்டேட்டா, விஜின்டியாக்டோமாகுலேட்டா இரண்டும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வெவ்வேறு இனங்கள். நம் ஊர்க் கத்தரி இலையைச் சுரண்டித் தின்பது ஹெனோசெபிலாக்னா விஜின்டியாக்டோபங்டேட்டா. ‘மாகுலேட்டா’ என்று முடிவது ஜப்பான், கொரியா, வடசீனம் போன்ற குளிர்ந்த பகுதிகளில் உருளைக்கிழங்குச் செடியை மேய்கிற அதன் உறவுக்காரன். ஜப்பானில் இரண்டும் உண்டு. வடக்கே ஒன்று, வெப்பமான தெற்கே மற்றொன்று. தமிழ்நாட்டில் எடுத்த படத்தின் கீழே ‘மாகுலேட்டா’ என்று இருந்தால், எழுதியவர் பெயரின் முன்பாதியை மட்டும் படித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பெயருக்கும் பொருள் 28 புள்ளி உடையது என்பதுதான். முதல் பெயரைப் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் 1775இல் வைத்தார். மற்றதை மோட்ஷுல்ஸ்கி அடுத்த நூற்றாண்டில் வைத்தார். பொருள் ஒன்றாக இருந்தாலும் எழுத்து வேறாக இருந்தால் பெயரிடும் விதி இரண்டையும் அனுமதிக்கிறது. இப்படிப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ், ஏழு புள்ளிப் பொறிவண்டின் பெயரை 1758இல் ‘7-பங்டேட்டா’ என்று எண்ணாலேயே அச்சிட்டார். எண்களை எழுத்தால் எழுத வேண்டும் என்ற விதி பிறகு வந்தது. நாக்கைச் சுளுக்கவைக்கும் இந்த நீளம் அதன் விளைவு.

பழைய வேளாண் நூல்களில் இதே பூச்சி எபிலாக்னா என்ற பேரினத்தில் (அறிவியல் பெயரின் முதல் சொல் இதைத்தான் குறிக்கும்) இருக்கும். 1961இல் ஹெனோசெபிலாக்னா என்ற பேரினம் பிரிக்கப்பட்டு, இதுவும் அங்கே போனது. ஆகவே ‘எபிலாக்னா விஜின்டியாக்டோபங்டேட்டா’ என்று எங்காவது பார்த்தால் அது வேறு பூச்சி அல்ல. பேரினம் மாறும்போது பின்பெயரின் ஈறுகூட மாறலாம். அசுவினியைத் தின்னும் நல்ல பொறிவண்டு ஒன்று மெனோகிலஸ் செக்ஸ்மாகுலேட்டஸ் என்று இருந்தது. இன்று அது கைலோமெனஸ் செக்ஸ்மாகுலேட்டா. பெயரில் ஆறு புள்ளி, முதுகில் இருப்பதோ பெரும்பாலும் வளைந்து நெளிந்த கறுப்புக் கோடுகள்!

புள்ளியை எண்ணி இனம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நம் கத்தரி வண்டுக்கே ஒவ்வோர் இறக்கையுறையிலும் ஆறு புள்ளிகள்தான் நிலையானவை. மீதி எட்டும் இருக்கலாம், மங்கலாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அப்படியானால் 12 புள்ளியும் இதுதான், 28 புள்ளியும் இதுதான். பழைய நூல்களில் டோடிகாஸ்டிக்மா என்ற 12 புள்ளிப் பெயரும் கத்தரி வண்டுக்கு வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் தலை சுற்றும்.

இதைவிட ஆபத்தான ஒற்றுமை வேறொன்று. காக்சினெல்லா செப்டெம்பங்டேட்டா, அசுவினி தின்னும் ஏழு புள்ளிப் பொறிவண்டு, உழவருக்கு நண்பன். ஹெனோசெபிலாக்னா செப்டிமா பாகல் இலையைத் தின்னும் பகைவன். செப்டிமா என்றால் ‘ஏழாவது’. ஏழு புள்ளி என்று அர்த்தம் இல்லை. இந்தப் பெயரை வைத்த டீக்கி, தொழிலால் இயற்பியலாளர். ஹைட்ரஜன் மூலக்கூறின் நிறமாலையை ஆராய்ந்துகொண்டே, ஆசியாவின் எபிலாக்னா வண்டுகளைப் பற்றி 1947இல் பெரிய ஆய்வு நூல் எழுதியவர். இன்றும் இந்தக் கூட்டத்தைப் பிரித்தறிய முற்படுபவர் அவரைத் தாண்டிப் போக முடியாது.

தோட்டத்தில் பார்க்க வேண்டியது வேறு. கைலென்ஸ் வைத்து முதுகைப் பாருங்கள். நண்பனான பொறிவண்டு வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும். இலைதின்னி மங்கலாக இருக்கும், முதுகெங்கும் குட்டையான மெல்லிய ரோமம் தெரியும். பிறகு இலையைத் திருப்புங்கள். மஞ்சள் நிறப் புழு, உடலெங்கும் கிளைவிட்ட முட்கள், பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் நிற்கும் இலை என்றால் சந்தேகமே வேண்டாம். நல்ல பொறிவண்டின் புழு கருஞ்சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுத் திட்டுகளோடு, அசுவினிக் கூட்டத்தின் நடுவே விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் மருந்தடித்துவிடாதீர்கள்.

இனத்தை உறுதியாகச் சொல்ல நிபுணர்கள் ஆண் வண்டை அறுத்து இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைப் பார்ப்பார்கள். உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. அடுத்த முறை பெயர் கேட்டுப் படம் போடும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று என்று எடுத்து, எந்தச் செடி என்பதையும் எழுதிவிடுங்கள். கத்தரியா பாகலா என்று தெரிந்தாலே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும்.