எச்-இண்டெக்ஸ் பார்த்துப் பல்கலைக்கழகத்தை ஒதுக்க வேண்டாம்

அழகப்பா பல்கலைக்கழகத்தின் எச்-இண்டெக்ஸைச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டுவிட்டு, காரைக்குடியில் வேதியியல் பிஎச்டி சேரலாமா என்று தயங்குகிறீர்கள். அந்த ஒப்பீடே சரியில்லை தம்பி. எச்-இண்டெக்ஸ் 50 என்றால் குறைந்தது 50 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 50 இருக்கின்றன என்று அர்த்தம், வருஷம் போகப் போக அது ஏறத்தான் செய்யும், அதனால் 1857-இல் தொடங்கிய சென்னையையும் 1985-இல் தொடங்கிய அழகப்பாவையும் அதை வைத்து எடைபோட முடியாது. உங்களுக்கு ஆய்வு வழிகாட்டியாக வரப்போகும் பேராசிரியரைப் பாருங்கள். சமீப ஆண்டுகளில் அவருடைய மாணவர்கள் எந்த இதழ்களில் எழுதினார்கள், முதல் பெயர் மாணவருடையதா (எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்), தன் கட்டுரைகளைத் தானே காட்டும் சுயமேற்கோளைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சுகிறது, எல்லாம் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தெரியும். அப்புறம், மின்வேதியியல் என்றால் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அதே ஊரில்தான் இருக்கிறது, அங்கே ஆய்வு செய்பவர்களிடமும் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.