நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

திருபுவனத்துப் பட்டுத் தறிக்காரர் குடும்பம். மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். "இன்னொரு தடவை பார்ப்போம், இல்லேன்னா மேனேஜ்மென்ட் சீட்" என்று தாய்மாமன் நெருக்க, அம்மா பங்குக்கு வந்த மூன்று மா நிலத்துக்கு விலையும் பேசிவிட்டு, மேற்கொண்டு என்ன படிக்கவைப்பது என்று கேட்டு என்னிடம் வந்தார்கள்.

கொஞ்சம் தேற்றினேன். பிறகு பெண்ணைப் பேசவிட்டேன்.

"ஒரே கறுப்பு நூலைத்தான் ரெண்டு சேலைக்கும் போட்டாங்க சார். நீலப் பேட்டு, அதான் கரை, போட்டதுல மட்டும் கறுப்பு வெளுத்துத் தெரிஞ்சுது. சாயம் சரியில்லைன்னு முதலாளி திருப்பிட்டாரு. பிரிச்சு வெச்சுப் பார்த்தா ரெண்டு நூலும் ஒண்ணு. அது ஏன்?"

தறிக்காரரிடம் சொன்னேன்: அண்ணே, பாரிஸில் கோபெலின் நெசவாலைச் சாயப் பட்டறைக்குப் பொறுப்பாயிருந்த செவ்ரூல் என்பவருக்கும் இதே புகார்தான் வந்தது. சோதித்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும் செய்த வேலை. 1839-ல் அதைப் பெரிய புத்தகமாகவே போட்டார். அவர் வேதியியல்காரர். இன்றைக்கு இந்தக் கேள்வியைத் துருவுகிறவர்களில் உளவியல் பேராசிரியர்கள் நிறையப் பேர். (உளவியல் என்றதும் மாமா கீழ்ப்பாக்கத்தை நினைக்க வேண்டாம்.) அவர்கள் சோதனை இப்படி: இருட்டறை, அளவு சரிபார்த்த திரை. வந்து உட்காருகிறவர் திரையிலுள்ள இரண்டு கட்டங்களும் ஒரே நிறமாகத் தெரியும்வரை பொத்தானைத் திருகுவார். கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. அவை அனுப்பும் தகவலை மூளை அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு எப்படி நிறமாக்குகிறது என்பதை அந்தத் திருகலிலிருந்து கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். ஆக, புள்ளியியலும் கம்ப்யூட்டர் புரோகிராமும் கட்டாயம். அதற்குப் பாப்பா பயப்படவில்லை, கேட்டுவிட்டேன்.

முதலில் பி.எஸ்சி. உளவியல். அடுத்து காந்திநகர் ஐஐடி-யில் அறிவாற்றல் அறிவியல் (மூளையும் மனமும் எப்படி வேலை செய்கின்றன என்ற படிப்பு) எம்.எஸ்சி. இருக்கிறது, கான்பூர் ஐஐடி-யில் அதற்குத் தனித் துறையே உண்டு. பிறகு பிஎச்.டி. ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000 ரூபாய். 2023-ல் உயர்த்திய தொகை இது. படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் வருகிற இடத்தை விட்டுவிட்டு நிலத்தை விற்பானேன்?

பேராசிரியர் வேலை சுலபமாகக் கிடைக்காது. பிஎச்.டி. முடிக்கவே முப்பதை நெருங்கிவிடும். கல்யாணப் பேச்சு நடுவில் வரும், அதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

நர்சிங், பார்மசி பற்றி அக்கம்பக்கத்திலேயே சொல்வார்கள், நான் சொல்லப்போவதில்லை. மூன்றாவது நீட் வேண்டாம், சீட்டுக்கு முன்பணமும் கட்டாதீர்கள். நிலம் வாங்க வந்தவரிடம் இன்றைக்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள். கல்லூரி விண்ணப்பம் போடும் முன், அங்கே உளவியலுக்கு ஆய்வகமும் புள்ளியியல் பாடமும் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். மாமாவையும் கூட்டிப் போங்கள். பாப்பா அந்த இரண்டு கறுப்பு நூலையும் அவருக்குக் காட்டட்டும்.